படைச்சட்டையின் மடிப்பு

சுவிஸின் லாங்கன்தால் நகரச் சலவைக்கடையின் நீராவிக்குள் நின்று நிருசன் ஒரு படைச்சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். பாதி உலகம் இன்னும் நாடென்று ஏற்காத கொசோவோவின் இராணுவச் சட்டை அது. கூட வேலை செய்யும் வல்போனாவின் மகன் விடுமுறை முடிந்து இன்று படைக்குத் திரும்புகிறான். வாசலில் அவனது காரின் ஹோர்ன் அலறுகிறது. கைமடிப்பு நேராகும் ஒவ்வொரு முறையும் வல்போனா வாசலைப் பார்த்தபடி வந்து, அதில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறாள். இது மூன்றாவது தடவை. "என்ன தம்பி, கலியாணச் சீலை மாதிரி மினக்கெடுறீர்? பெடியன் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறான்," என்கிறார் பக்கத்து மேசையில் துணி மடிக்கும் புனிதவதி அக்கா. நிருசனின் இறந்த மனைவியின் கூறைச்சேலை எட்டு மாதமாக வீட்டு அலுமாரியில் மடித்தபடி கிடக்கிறது. ஹோர்ன் மறுபடியும் அலறுகிறது. நிருசன் காய்ந்துவிட்ட காலரில் தானே தண்ணீரைத் தெளிக்கிறான். "இன்னும் ஈரம் அக்கா. பொறுக்கச் சொல்லுங்கோ."