தப்புத் தப்பாய் ஒரு கோடு

"சார், இந்தக் கிளை கோடு நம்பரும் தப்பு. சரியா எழுதினாத்தான் கம்ப்யூட்டர் வழியா பணம் மும்பைக்குப் போகும்" என்றாள் பேங்க் கவுன்ட்டரில் இருந்த மைதிலி.

"அப்படியா மேடம்? மாத்தித் தரேன்" என்றார் சாரநாதன்.

அடுத்ததும் தப்பு. பின்னால் வரிசை முணுமுணுக்க, மயிலாப்பூர் கிளையின் மேனேஜரே எழுந்து வந்தார்.

"ஏன் சார் உயிரை வாங்கறீங்க? எத்தனை தடவைதான் அவங்க சொல்லுவாங்க?"

"சொல்லட்டும் சார். இவ என் ஆத்துக்காரி. ஆத்துல கோபம், எங்கிட்ட வாயே திறக்கறதில்லை. இங்கே கஸ்டமர்கிட்ட பேசித்தானே ஆகணும்?"

"அப்ப மும்பைல யாருக்குப் பணம்?"

"அங்கே எனக்கு யாரையுமே தெரியாது சார்."

மைதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மானத்தை வாங்காம ஆத்துக்குப் போங்கோ. சாயங்காலம் வந்து பேசறேன்."