மணிக்கட்டு வழியாக

கோளாறு இருப்பது இடுப்புக்குக் கீழே; நர்ஸம்மா கட்டிக்கொண்டிருந்ததோ வலது கையை. பலகையில் கையை மல்லாத்தி வைத்து, மணிக்கட்டில் மருந்தைத் தடவி, இனி அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ் டிரைவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மகளின் ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டார்.

போன வாரம் இதைக் கேட்டு மானம் போனது போதாதா? புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, கத்தி வைக்காமல் மணிக்கட்டு வழியாக ஒரு வயரை விட்டே சரிசெய்துவிடலாம் என்று அன்று டாக்டர் சொன்னார். "டாக்டர், கோளாறு கீழ இருக்கு. நீங்க கையில ஓட்டை போடறேங்கறீங்களே?" என்று இவர் கேட்டதும், கூட நின்றிருந்த பயிற்சி டாக்டர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. உடம்பிலிருக்கும் ரத்தக்குழாய்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேரும் சாலைகள்தான், கையில் ஏறினாலும் கீழே போய் இறங்கலாம் என்று டிரைவருக்குப் புரிகிற பாஷையில் எடுத்துச் சொன்னார். சுரப்பிக்குப் போகும் ரத்தத்தைப் பொடிப்பொடித் துகள்களால் நிறுத்திவிட்டால், தீனி கிடைக்காமல் அது தானாகச் சுருங்கிவிடுமாம். ஒன்றரை மணி நேர வேலை, மயக்கம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை, சீக்கிரமே ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம் என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தது. வெளியூர் வண்டியை அடிக்கடி ஓரங்கட்டிவிட்டு டிரைவர் புதர்ப் பக்கம் ஓடினால் பயணிகள் சும்மா இருப்பார்களா? டிப்போவில் அவருக்கு 'ஸ்டாப்பிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் வண்டி கிடையாது, கேட்டைத் திறந்து மூடுகிற வேலைக்குத்தான் போகவேண்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியாயிற்று. வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

இன்றைக்காவது உடம்பு அவரை விட்டுவைத்ததா என்றால் அதுவும் இல்லை. வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்த நேரத்திலேயே எழுந்து எழுந்து பாத்ரூமுக்கு ஓடினார். கடைசியாக வெளியே வந்தபோது உள்ளேயிருந்து யாரோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். கதவோரம் காலியாக நின்ற ஒரு ஸ்ட்ரெச்சரில் அரக்கப்பரக்க ஏறிப் படுத்தார். படுத்த வேகத்தில் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"மணிக்கட்டு வழியா வயர் விடறதுக்குத்தானே வந்திருக்கீங்க?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"ஆமாம்மா. எல்லாம் தெரியும்," என்றார் டிரைவர் மிடுக்காக. இந்தத் தடவை யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

முகத்தை மூடிக்கொண்டு வந்த டாக்டரின் குரல்தான் புதிதாக இருந்தது. ஒரே வண்டிக்கு டிரைவர்கள் மாறுவதில்லையா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஊசி சுருக்கென்றது. கைக்குள் ஏதோ ஊர்ந்து போவதுபோல் இருந்தது.

தலைக்குமேல் ஒரு பெரிய கருவி இப்படியும் அப்படியும் திரும்பியது. மூச்சைப் பிடி என்றார்கள், பிடித்தார். விடு என்றார்கள், விட்டார். எத்தனையோ பேர் உயிரைத் தன் கையில் வைத்து ஓட்டியவர், இப்போது தன் உடம்புக்குள் வேறு யாரோ வண்டி ஓட்ட, பிரேக் போடவும் வழியில்லாமல் ஹாரன் அடிக்கவும் வழியில்லாமல் கிடந்தார். அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

போதாக்குறைக்கு அடிவயிறு மறுபடியும் முட்ட ஆரம்பித்தது. கை கட்டப்பட்டிருக்கிறது, வயர் உள்ளே இருக்கிறது, எழுந்து எங்கே போவது? பொறுக்கமாட்டாமல், வயர் இன்னும் கீழே போகவேண்டுமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"பேசாதீங்க பெரியவரே. அசையாமப் படுத்திருங்க."

அதோடு சரி. தெரிந்தவர்கள் செய்கிறார்கள், நீங்கள் நடுவில் வாயைத் திறக்காதீர்கள் என்று மகளும் வாசல்வரை வந்து சொல்லித்தானே அனுப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே எரிந்த விளக்கையே பார்த்தபடி கிடந்தார்.

எவ்வளவு நேரம் இந்த அவஸ்தையோ என்று அவர் மலைத்துக்கொண்டிருக்கும்போதே வயரை உருவிவிட்டு, மணிக்கட்டில் இறுக்கமாகப் பட்டை கட்டிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் என்றார்களே, அரை மணிகூட ஆகியிருக்காதே! இந்த டாக்டர் பலே ஆள்தான், குறித்த நேரத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டாக்டர், நான் பஸ் ஓட்டறவன். இதுதான் எனக்குப் பொழப்பு," என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. "இனிமே பயமில்லாம ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டுங்க," என்றார் டாக்டர். "உங்க இதயத்துல ஒரு அடைப்பும் இல்ல."