செவலைக்கு மடிப்பிச்சை

"ஆத்தா பேரைச் சொல்லி நாய்க்குப் பிச்சை எடுக்கறியா? என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!"

விஜயராஜ் போட்ட சத்தத்தில் எதிர் குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் திறந்தன. கேட்டுக்கு வெளியே மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாக நின்ற தமிழ்நிலா ஓர் அடிகூட நகரவில்லை. முந்தானையை விரித்துப் பிடித்தபடியே நின்றாள்.

"ஆமா சார். நான் ஒண்ணும் மறைக்கலையே. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நாய்க்குன்னு சொல்லித்தான் கேட்டுக்கினு வரேன்."

மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவள் அவள். மிஞ்சிய சோற்றை வாளியில் கொண்டுவந்து டவுன்ஷிப் நாய்களுக்கு வைப்பாள். அதில் ஒன்றான செவலைமேல் போன வாரம் யாரோ காரை ஏற்றிவிட்டு, நிறுத்தாமலே போய்விட்டார்கள். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. "இந்த வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி பிளேட் வைக்கணும். இல்லேன்னா ஊசி போட்டு அதோட வலியை முடிச்சுடறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டார் புதுச்சேரி டாக்டர். ஆகும் செலவோ அவள் சம்பளத்துக்கு எட்டாதது.

முதலில் உண்டியல் டப்பாவோடுதான் வந்தாள். பிளாக்கில் யாரும் வசூல் பண்ணக்கூடாது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் விஜயராஜ், செக்யூரிட்டியை விட்டு அவளை வெளியே அனுப்பினார். சரி, டப்பாவைத்தானே தடுப்பீர்கள், ஆடி மாதத்தில் மடியேந்தி வருகிறவளைத் தடுத்துவிடுவீர்களா, பார்த்துவிடலாம் என்று இன்றைக்கு இப்படி வந்துவிட்டாள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மடிப்பிச்சை கேட்டு வருகிறவளை எந்த வீட்டிலும் வெறும் மடியோடு அனுப்ப மாட்டார்கள். அரிசியும் ரூபாய் நோட்டுமாக மடி பாதி நிறைந்திருந்தது.

"மடிப்பிச்சைக் காசு கோயிலுக்குப் போகணும். டாக்டருக்குப் போனா தெய்வக் குத்தம்."

"ஆத்தா கோவிச்சுக்கினா என்னைக் கோவிச்சுக்கட்டும் சார். அம்மை போட்டா நான் படுத்துக்கறேன். உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

"வாய் ரொம்ப நீளுது. உன் கான்ட்ராக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னா நாளைக்கு வேலை இருக்காது, தெரியுமில்ல?"

தமிழ்நிலாவுக்குப் பயம்தான். வீட்டில் உலை கொதிப்பதே அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் பயந்ததாகக் காட்டிக்கொண்டால் இந்த மனுஷன் ஏறி மிதித்துவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சொல்லிக்குங்க சார். வேலை போனா வேற தேடிக்குவேன். செவலை போனா வருமா?"

பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "விடுங்க தம்பி. ஆடி வெள்ளியும் அதுவுமா எதுக்கு வம்பு? ஒரு பிடி அரிசியைப் போட்டு அனுப்பிடுங்க."

"ஒரு மணி போட மாட்டேன்!" என்றார் விஜயராஜ். அவர் தமிழ்நிலா பக்கம் திரும்பினார். "வேண்டுதல்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒண்ணு, நோவு வந்தவங்க வீட்டு ஆளு வேண்டிக்கணும். இல்ல, தப்பு பண்ணவங்க வேண்டிக்கணும். நீ இதுல யாரு? அந்த நாய் உன் சொந்தமா? இல்ல, அதுமேல காரை ஏத்தினது நீயா?"

ஆற்றாமையில் தமிழ்நிலாவுக்குக் கண் கலங்கியது. கலங்கினால் கலங்கட்டும், மடியை மட்டும் மடக்குவதில்லை என்று நின்றாள்.

ஜெயித்துவிட்ட தோரணையில் விஜயராஜ் வீட்டுக்குள் குரல் கொடுத்தார். "அமிர்தம்! வந்து கேட்டைப் பூட்டு!"

தலைக்குக் குளித்த ஈரத்தோடு, மஞ்சள் சேலையில் வெளியே வந்தாள் அவர் மனைவி. கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறாள் போலும் என்றுதான் தமிழ்நிலா நினைத்தாள். ஆனால் அமிர்தம் கேட்டைப் பூட்டவில்லை. அதைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். தமிழ்நிலாவின் கையிலிருந்த வேப்பிலையில் பாதியை வாங்கிக்கொண்டாள். அவள் பக்கத்தில் நின்று, தன் முந்தானையை விரித்துக் கணவர் முன்னால் நீட்டினாள்.

"அமிர்தம், என்ன கூத்து இது? உள்ள போ!"

அமிர்தம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "செவலைமேல காரை ஏத்திட்டு நிறுத்தாம வந்தீங்களே, அன்னிக்கு உங்க பக்கத்துல வாயை மூடிக்கினு உக்காந்திருந்தவ வேண்டிக்கினு வந்திருக்கேன். பிச்சை போடுங்க!"