வலி மாத்திரை

கனகவல்லிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. வலிக்கு இரண்டு வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். சாதாரண மாத்திரை பழக்கமாகாது. ஆனால் வலி முழுதாக அடங்காது, சர்க்கரையால் தளர்ந்திருந்த அவளுடைய சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. மார்ஃபின் வகை மாத்திரை வலியை அடக்கிவிடும். வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"அது எங்க வீட்டுக்குள்ள வேண்டாம் டாக்டர்."

அவள் மகன் பாஸ்கர் அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகி, இதே டாக்டரின் ஆஸ்பத்திரியில் மீண்டவன். அவனும் அருகில்தான் நின்றிருந்தான்.

"இன்னும் என்னை நம்பலையாம்மா?"

"உன்னை நம்புறேன்டா. அதைத்தான் நம்பல."

வீடு திரும்பிய பிறகு, முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் காலைத் தொட்டாலே அலறினாள். இப்போது மடக்காவிட்டால் இனி மடங்காது என்று அவர் எச்சரித்துப் போனார். பாஸ்கர் அவளிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"அம்மா துடிக்கிறாங்க டாக்டர். அந்த மாத்திரையே எழுதிக் குடுங்க."

அலறலைக் கேட்டுவிட்டு வந்த அவன் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அந்தக் கையையே பார்த்தார். பேனாவை மூடினார்.

"உண்மையைச் சொல்லு பாஸ்கர். யாருக்கு?"