கரகரத்த குரல்

தீ எச்சரிக்கை ஹாரன்களைச் சேகரிக்கும் நால்வரும் அந்தப் பழைய விடுதியின் ஐந்தாம் மாடி அறையில் கூடியிருந்தார்கள். மேசைமேல் பலகையில் மூன்று தலைமுறை ஹாரன்கள் திருகப்பட்டிருந்தன. புதியது வெள்ளை விளக்கைப் பளிச்சிட்டுக்கொண்டு கீச்சிட்டது. “கொசு மாதிரி கத்துது” என்று முகம் சுளித்தாள் மெர்லின். எண்பத்திரண்டில் வந்த மாடலின் கரகரத்த குரலைத்தான் அவள் பன்னிரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். நால்வரில் மூத்தவரான தணிகைவேல் பலகையின் மின் இணைப்பைப் பிடுங்கினார். அப்போதும் எங்கோ ஒரு ஹாரன் அலறியது. கரகரவென்று, மூன்று மூன்றாக. “சார், அதேதான்! மேல் மாடியில இருக்கு!” மெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே புகை நெடி. படிக்கட்டில் ஜனங்கள் முட்டி மோதி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு அவள் மேலே ஓடினாள். பின்னால் தணிகைவேல் பதறிப்போய்க் கத்தினார்: “பாத்தும்மா! வயரை அறுத்துடாதே!”