இன்னும் கொஞ்சம் மேலே

"நட்சத்திரம் கோணிக்கிட்டு நிக்குது தம்பி! கண்ணு இருக்கா இல்லையா?"

ஏணியின் உச்சிப் படியில் நின்றவன் பல்லைக் கடித்தான். காலையிலிருந்து அந்த ஒரே ஒரு காகித நட்சத்திரம் ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப சரியாம்மா?"

"இன்னும் கொஞ்சம் மேலே. எட்டலைன்னா எக்கிப் பிடி. கை எதுக்கு இருக்கு?"

எக்கினான். நீலச் சட்டை அக்குளில் இறுக்கிப் பிடித்தது. பிறந்தநாளுக்கு அவள் தந்த சட்டை. ராசியாக இருக்கட்டும் என்று இன்றைக்குப் போட்டு வந்தது தப்பாகிவிட்டது.

அவள் என்றால், மேசையருகே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் போல வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த இந்த வீட்டு மகள். யோசனையும் அவளுடையதுதான். அவளுடைய அம்மா, தனி ஆளாகத் தையல் மெஷினை மிதித்து மகளைப் படிக்க வைத்த டெய்லரம்மா. பல் டாக்டர் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று மகள் பேச்செடுத்த போதெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"சொன்ன பேச்சை ஒரு நாள் முழுக்கக் கேட்கிற ஆம்பளையா காட்டு. அப்புறம் நான் வாயே திறக்கல."

அதனால்தான் பல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்ய வந்த கடை ஆளாக ஏணியில் நிற்கிறான். சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தால் மகள் உண்மையைச் சொல்லிவிடுவாள். தாக்குப்பிடிக்காவிட்டால் கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை.

'பல்லைக் கடிக்காதீங்க, தேய்ஞ்சு போகும்' என்று தினமும் ஊருக்கு உபதேசம் செய்பவன், இன்னொரு முறை கடித்துக்கொண்டான்.

"சீரியல் பல்பு கொண்டு வந்திருக்கேன்ம்மா. சுத்தி விட்டா வீடே ஜொலிக்கும்."

"ஜொலிக்கிறதுக்கு இது என்ன நகைக்கடையா? வீடு வீடா இருக்கணும். கிறிஸ்துமஸுக்கு ஒரு நட்சத்திரம், நாலு ரிப்பன், போதும். தைச்சு மிச்சமானது மூட்டை மூட்டையா கெடக்கு. இறங்கு கீழே."

இறங்கினான்.

"இந்தச் சிவப்பு ரிப்பனை முதுகுப் பக்கமா ரெண்டு தோள்லயும் போட்டுக்கோ. ஏணியில ஏறும்போது கை காலியா இருக்கும்."

போட்டுக்கொண்டான்.

"திரும்பு. கூன் போடாதே, நேரா நில்லு."

பின்னால் கத்தரிக்கோல் 'சரக்' என்றது.

"ம்ஹூம், சிவப்பு இந்தச் சுவருக்கு எடுபடாது." வெட்டிய துண்டு தையல் மெஷின் மேல் போய் விழுந்தது. "பச்சையை எடு. இடுப்புல ஒரு சுத்து சுத்திக்கோ, தேவைப்படறப்ப உருவிக்கலாம். வயித்தை எக்காதே!"

சரக்.

"பச்சையும் சரிப்படலை."

"அம்மா, இதையே..."

"வெள்ளையைப் பிடி. ஒரு நுனி தோள்கிட்ட இருக்கட்டும். கையை நீட்டு. முழங்கையை லேசா மடக்கு."

"ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கும்மா."

"இருபது வருஷமா குடியிருக்கேன், எனக்கே ஜன்னலைக் காட்டறியா? நீட்டுன்னா நீட்டு."

சரக்.

"வெள்ளை அழுக்காயிடும். வேண்டாம்."

அவனுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

"என்னம்மா இது? காலையிலேர்ந்து ஒரு ரிப்பன்கூட சுவத்துல ஏறலை! கட்டச் சொல்றீங்க, அவுக்கச் சொல்றீங்க, வெட்டி வெட்டி எறியறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"குரல் உசருதே தம்பி. முடியலைன்னா கிளம்பு. கதவு திறந்துதான் இருக்கு."

மேசையில் காகிதம் வெட்டும் சத்தம் நின்றது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையிலிருந்த காகிதப் பூ கசங்கிக்கொண்டிருந்தது.

அவன் கதவைப் பார்த்தான். கசங்கும் பூவைப் பார்த்தான். கிளினிக்கில் வாயைத் திறக்கவே மறுக்கும் குழந்தைகளை நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நட்சத்திரத்தை எங்க கட்டணும்?"

"முதல்ல கட்டின இடத்துலயே கட்டு."

நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான். மகளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"போதும்மா! பாவம், அந்த மனுஷனை ஏன் இந்தப் பாடு படுத்தறே? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இவர் அலங்காரக் கடை ஆள் இல்லை, இவர் வந்து..."

"பல் டாக்டர்" என்றார் டெய்லரம்மா, ஊசியில் நூல் கோத்தபடியே.

ஏணி ஒரு ஆட்டம் ஆடியது.

"எ... எப்படிம்மா தெரியும்?" என்றாள் மகள்.

"தோழியோட அண்ணனுக்குன்னு புளுகி நீ என்னைத் தைக்க வெச்ச சட்டையை இவர் மாட்டிக்கிட்டு, என் வாசல்லயே வந்து நின்னா? என் கைத்தையல் எனக்குத் தெரியாதா? நீ குத்துமதிப்பா சொன்ன அளவு. அக்குள்ல எப்படிப் பிடிக்குது பாரு!"

"தெரிஞ்சுமா காலையிலேர்ந்து இப்படி வாட்டி எடுத்தே?"

"டேப்பை நீட்டியிருந்தா ரெண்டு பேரும் உஷாராகியிருப்பீங்களே."

டெய்லரம்மா மெஷின் மேல் கிடந்த மூன்று ரிப்பன் துண்டுகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக நீவி மடித்தார்.

"சிவப்பு தோளு, பச்சை இடுப்பு, வெள்ளை கை நீளம். கல்யாணக் கோட்டு அக்குள்ல பிடிக்காது, இறங்கி வாங்க மாப்பிள்ளை!"