மூன்றாவது நாடகம்

இரண்டாம் மணி அடித்துவிட்டது. மூன்றாவது மணிக்கு மேடையேற வேண்டும்.

படுதாவுக்குப் பின்னால் கருத்தக்கண்ணன் தனியாக நின்றிருந்தார். ஆடிக் காற்று படுதாவை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் முக்காலி மேல் சேக் தாவூதின் நோட்டு கிடந்தது. சபாவுக்கு நாடகம் எழுதுவதும் தாவூதுதான், படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பதும் தாவூதுதான். இன்றைக்கு எடுத்துக்கொடுக்க ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் நோட்டை வைத்துவிட்டு, கூட்டத்தை ஒதுங்கி உட்காரச் சொல்லப் போயிருந்தார்.

இருபது வருசமாக உத்தமபாளையம் சபாவில் ராஜா வேசம் கருத்தக்கண்ணனுடையது. பகலில் வெற்றிலைக் கொடிக்கால், ராத்திரியில் கிரீடம். அவர் பாட்டெடுத்தால் அடுத்த ஊரான அனுமந்தன்பட்டியில் படுத்திருப்பவன் எழுந்து உட்காருவான் என்பார்கள்.

முப்பத்தெட்டாம் வருசம் மாசியில், தொண்டையில் கட்டி என்று மதுரையில் அறுத்தெடுத்தார்கள். உயிர் தங்கியது. குரல் தங்கவில்லை.

அந்த வருசம் விடிய விடிய நடக்கும் ராஜா நாடகம் கிடையாது என்று சபா நோட்டீஸ் அடித்தது. பதிலுக்கு ஐந்து சின்ன நாடகங்கள். வாரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, பஞ்சுக் கிட்டங்கியில். பகல் வெளிச்சத்திலேயே தொடங்கி, பொழுது சாயும் மஃரிப் பாங்குக்கு முன்னால் முடிந்துவிடும். கிரீடம் இல்லை, ஆர்மோனியம் இல்லை. இரண்டு மூன்று பேர், வயலிலிருந்து வந்த வேட்டியோடு வந்து நின்று பேசுவார்கள்.

இதெல்லாம் ஒரு நாடகமா என்று ஊர் சிரித்தது.

நோட்டீஸ் அடித்த கையோடு தாவூது கொடிக்காலுக்கே வந்தார். மூன்றாவது நாடகத்தில் பேச்சே இல்லாத ஒரு அப்பன் வருகிறான், அந்த வேசத்தை நீங்கள் கட்டுங்கள் என்றார்.

கருத்தக்கண்ணன் ஒரு குச்சியை எடுத்து ஈரமண்ணில் எழுதினார். பாவம் பார்த்துக் கொடுக்கிற வேசம் எனக்கு வேண்டாம்.

தாவூது அசரவில்லை. கதை அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான், உங்களுக்கு மனசில்லையென்றால் நம் சபா முத்துக்கருப்பன் கட்டட்டும் என்றார். அதற்குப் பிறகுதான் இவர் தலையசைத்தார்.

முதல் வாரம் அண்ணன் தம்பி கிணற்றுச் சண்டை. சிரிக்க வந்தவர்கள் சிரிக்காமல் போனார்கள். இரண்டாம் வாரம் தபால்காரர் கதைக்குப் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். இன்றைக்குக் கிட்டங்கி கொள்ளவில்லை.

கை சும்மா இருக்கமாட்டாமல் கருத்தக்கண்ணன் நோட்டை எடுத்துப் புரட்டினார்.

முதல் பக்கத்தில் இருந்தது கிணற்றுச் சண்டை அல்ல. அவருடைய நாடகம். மேலே தாவூதின் கையெழுத்தில் தேதி: பங்குனி மூன்று.

பங்குனி இரண்டாம் தேதிதான் அவர் மதுரையிலிருந்து ஊர் வந்து சேர்ந்தார்.

கிணற்றுச் சண்டை அதற்குப் பின்னால், சித்திரையில் எழுதியது. தபால்காரர் கதை வைகாசியில். இன்னும் சில பக்கம் தள்ளிப் பார்த்தார். பிறகு, எடுத்த இடத்திலேயே நோட்டை வைத்தார்.

காது மடல் சுட்டது. பின்கதவு திறந்துதான் கிடந்தது. வாய்க்கால் கரையோடு நடந்தால் வீடு வந்துவிடும்.

மூன்றாவது மணி அடித்தது.

அவர் மேடைக்குள் போனார்.

சொல்பேச்சுக் கேட்காமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போன மகள், ஆறு வருசம் கழித்துக் கைப்பிள்ளையோடு குமுளி பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். மரத்தடியில் அப்பன். பார்க்கிறான். பார்க்காதவன்போலத் திரும்பிக்கொள்கிறான். பிள்ளை சிணுங்குகிறது. அவன் வந்து அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடக்கிறான். நாடகமே அவ்வளவுதான்.

கருத்தக்கண்ணன் மூட்டையைத் தூக்கினார். நான்கு எட்டு வைத்தார்.

ஒத்திகையில் விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நடையை மட்டும் தளர்த்தினார். பிள்ளைக்காரி வந்து சேரட்டும் என்பதுபோல, ஒவ்வொரு எட்டாக.

மகள் வேசம் கட்டியிருந்த பையன் அம்மாவாசிக்கு அது பிடிபட ஒரு கணம் ஆயிற்று. பிறகு பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

யாரும் கைதட்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று, அப்பனும் மகளும் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் கருத்தக்கண்ணனின் மனைவி பஞ்சம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டுப் போறப்பவும் இவுக இப்படித்தான் மெள்ள நடப்பாக."

தாவூது படுதாவுக்குப் பின்னால் ஓடிவந்து கருத்தக்கண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கருத்தக்கண்ணன் கையை விடுவித்து நான்கு விரலைக் காட்டினார். பிறகு அதே கையால் தன் நெஞ்சைத் தொட்டார். நாலாவதில் எனக்கு என்ன வேசம்?

தாவூது சட்டென்று நோட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"உங்களுக்கு இல்லாமயாண்ணே? நாலாவதும் அஞ்சாவதும் எழுதி முடிச்சு இதுலதான் வச்சிருக்கேன்."

கருத்தக்கண்ணன் நம்பியவர்போலத் தலையாட்டினார்.

தபால்காரர் கதைக்குப் பின்னால் அந்த நோட்டில் இருந்ததெல்லாம் வெறும் வெள்ளைத்தாள் என்பதை, மூன்றாவது மணி அடிக்கும் முன்பே அவர் பார்த்திருந்தார்.